வாரச் சம்பள இயக்குநர்: மைக்கேல் கர்ட்டிஸ் வழியாக ஹாலிவுட் ஸ்டுடியோ காலம்

'காசாபிளாங்கா' படத்தில் நடித்தவர்கள் யார் என்று கேட்டால் ஹம்ஃப்ரி போகார்ட், இங்கிரிட் பெர்க்மன் என்று பலரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். இயக்கியவர் யார் என்று கேட்டால்தான் யோசிப்பார்கள். உலகின் சிறந்த படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் வந்துவிடும் படம். சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கரும் வாங்கியது. இருந்தும் மைக்கேல் கர்ட்டிஸ் என்ற பெயர் ஹிட்ச்காக் பெயர் மாதிரி யார் வாயிலும் வருவதில்லை.

அவருக்குத் திறமை போதவில்லை என்பதல்ல காரணம். அவர் வேலை பார்த்த முறை அப்படி. அதைத்தான் ஸ்டுடியோ முறை என்கிறார்கள். அந்த முறையில் இயக்குநரின் கையில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதைப் புரிந்துகொள்ள கர்ட்டிஸைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டார். 1926 முதல் 1953 வரை, 27 ஆண்டுகள், வார்னர் பிரதர்ஸ் என்ற ஒரே கம்பெனியில் இருந்தவர் அவர்.

சரி, ஸ்டுடியோ முறை என்றால் என்ன? 1930களிலும் 1940களிலும் அமெரிக்க சினிமா எம்ஜிஎம், பாரமவுண்ட், வார்னர் பிரதர்ஸ், ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ், ஆர்கேஓ என்ற ஐந்து பெரிய கம்பெனிகளின் பிடியில் இருந்தது. யுனிவர்சல், கொலம்பியா, யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஆகிய மூன்றும் அடுத்த வரிசை. படம் எடுப்பது, ஊர் ஊராக விநியோகிப்பது இரண்டையும் அந்தப் பெரிய ஐந்து கம்பெனிகளே செய்தன. நகரங்களில் இருந்த முக்கியமான தியேட்டர்களில் பலவும் அவர்களுக்கே சொந்தம். சொந்த தியேட்டர் இருந்தால் அதைச் சும்மா பூட்டி வைக்க முடியாது. வீட்டில் டிவி இல்லாத காலம். மக்கள் வாரம் தவறாமல் சினிமாவுக்குப் போனார்கள், வாரா வாரம் படம் மாற வேண்டியிருந்தது. ஆகவே ஆண்டுக்கு ஐம்பது படம் வரை எடுத்துத் தள்ளவேண்டிய கட்டாயம்.

ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக ஆள் பிடித்து இதைச் செய்ய முடியாது. நடிகர், எழுத்தாளர், ஒளிப்பதிவாளர், தையல்காரர், இசையமைப்பாளர், இயக்குநர் என்று எல்லோரையும் ஒப்பந்தம் போட்டுச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். நடிகர்களுக்கு வழக்கமாக ஏழு வருட ஒப்பந்தம். அதில் ஒரு தந்திரம் உண்டு. ஏழு வருடமும் நடிகருக்குத்தான் கட்டு, கம்பெனிக்கு இல்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை 'இவர் தொடரலாமா' என்று முடிவு செய்யும் உரிமை கம்பெனிக்கு மட்டும். கொடுத்த படத்தை மறுத்தால் சம்பளம் இல்லாமல் சஸ்பெண்ட். அப்படிச் சும்மா இருந்த நாட்களை ஒப்பந்தத்தின் கடைசியில் சேர்த்துக்கொள்வார்கள். வேறொரு கம்பெனிக்கு வாடகைக்கு விடவும் செய்வார்கள். வாடகை கம்பெனிக்குப் போகும், நடிகருக்கு அதே பழைய சம்பளம்.

இயக்குநரும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான். கதையை வாங்குவது கதை இலாகா. திரைக்கதை எழுதுபவர்கள் வேறு கட்டடத்தில் இருப்பார்கள். தயாரிப்பாளர் நடிகர்களை முடிவு செய்வார், கலை இயக்குநர் செட்டுக்கு வரைபடம் போடுவார். இவ்வளவும் ஓடிக்கொண்டிருக்கும்போது இயக்குநர் இன்னொரு படத்தின் ஷூட்டிங்கில் இருப்பார். அது முடிந்ததும் அடுத்த திரைக்கதை கைக்கு வரும், சில நாட்களில் வேலை தொடங்கும். ஷூட்டிங் முடிந்தவுடன் படம் எடிட்டரிடமும் தயாரிப்பாளரிடமும் போய்விடும். எடிட்டிங் அறைக்குள் இயக்குநருக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. அந்த நேரத்தில் அவர் அடுத்த செட்டில் நிற்பார்.

கர்ட்டிஸ் இந்த வேலைக்கு வந்த வழி கொஞ்சம் நீளமானது. 1886 டிசம்பரில் புடாபெஸ்ட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் மானோ காமினர், நாடகத்துக்கு வந்தபோது மிஹாய் கெர்டேஸ் ஆனார். 1912இல் ஹங்கேரியில் படம் இயக்கத் தொடங்கினார். சில மாதங்கள் டென்மார்க் போய் நோர்டிஸ்க் கம்பெனியில் தொழில் கற்றுக்கொண்டார். முதல் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தார். 1919இல் ஹங்கேரியில் அரசியல் கொந்தளித்தபோது வியன்னாவுக்குப் போய், ஒரு பிரபு நடத்திய சாஷா ஃபிலிம் கம்பெனியில் 'சோதோமும் கொமோராவும்' போன்ற பிரம்மாண்டமான மௌனப் படங்களை எடுத்தார். ஆயிரக்கணக்கான துணை நடிகர்களை ஒரே சட்டகத்துக்குள் நகர்த்துவது அவருக்குக் கைவந்த கலை. அதைப் பார்த்துத்தான் வார்னர் சகோதரர்கள் 1926இல் அவரை அமெரிக்காவுக்கு அழைத்தார்கள். அங்கே இறங்கும்போது வயது நாற்பதை நெருங்கிவிட்டது, ஐரோப்பாவில் அறுபதுக்கும் மேற்பட்ட படங்களை முடித்திருந்தார்.

வார்னரில் அவர் எடுத்த முதல் பெரிய படம் 1928இல் வந்த 'நோவாஸ் ஆர்க்'. பைபிளில் வரும் பெருவெள்ளக் காட்சிக்கு உண்மையாகவே டன் டன்னாகத் தண்ணீரைத் துணை நடிகர்கள்மீது கொட்டினார்கள். பலருக்குக் காயம். ஒளிப்பதிவாளர் ஹால் மோர் இது ஆபத்து என்று சொல்லி, யாரும் கேட்காததால் படத்தை விட்டே விலகினார். கர்ட்டிஸ் அந்தப் பக்கம் கவலைப்பட்டவராகத் தெரியவில்லை. 1936இல் 'தி சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட்' எடுத்தபோது ஓடும் குதிரைகளின் காலில் கம்பி கட்டி விழவைத்தார்கள். பல குதிரைகள் செத்தன. மக்களிடம் எழுந்த கோபம், பின்னால் படப்பிடிப்பில் விலங்குகளைப் பாதுகாக்க விதிகள் வந்ததற்கு ஒரு காரணம். மனிதர்களிடமும் அவர் இரக்கமில்லாதவர்தான். மதியச் சாப்பாடு சாப்பிடமாட்டார், சாப்பிடப் போகும் நடிகர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுவார். இரவு எத்தனை மணி ஆனாலும் சலிக்கமாட்டார். அவருடைய மேதைமையைப் பேசுகிறவர்கள் இதைப் பாதி நகைச்சுவையாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வேகத்தின் விலையைப் பெரும்பாலும் கொடுத்தவர்கள் பெயர் தெரியாத துணை நடிகர்களும் குதிரைகளும்தான்.

ஆனால் கம்பெனிக்கு வேண்டியிருந்தது அந்த வேகம்தான். 1933 என்ற ஒரே ஆண்டில் அவர் இயக்கிய ஐந்துக்கும் மேற்பட்ட படங்கள் வெளிவந்தன. மெழுகுச் சிலைக் கூடத்தில் நடக்கும் திகில் படம் ஒன்று, துப்பறியும் படம் ஒன்று, காதல் நகைச்சுவை ஒன்று என்று எல்லாம் வேறு வேறு ரகம். 'எனக்கு இந்த மாதிரிக் கதைதான் பிடிக்கும்' என்று சொல்லிக்கொண்டிருக்க அங்கே இடமில்லை. இன்றைக்கு இயக்குநர் என்றவுடன் நம் மனதில் வரும் 'என் கதை, என் படம்' என்ற உருவத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுத்தான் இந்த மனிதர்களைப் பார்க்கவேண்டும்.

திரைக்கதை விஷயத்தில் அவருக்கு வீட்டிலேயே ஒரு துணை இருந்தது. 1929இல் அவர் திருமணம் செய்துகொண்ட பெஸ் மெரிடித் அனுபவமுள்ள திரைக்கதை எழுத்தாளர், ஆஸ்கர் அகாடமியைத் தொடங்கிய 36 பேரில் ஒருவர். செட்டில் ஒரு காட்சி சரியாக வரவில்லை என்றால் கர்ட்டிஸ் மனைவிக்கு போன் போடுவார் என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் படங்கள் பலவற்றில் பெஸ்ஸின் பெயர் இல்லை.

வார்னர் கம்பெனி நடந்த விதத்தை இன்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துகொள்ள முடிவதற்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. அலுவலகக் குறிப்புத் தாளின் அடியிலேயே, வாய்மொழிச் செய்திகள் குழப்பத்தையும் தாமதத்தையும் உண்டாக்கும், எழுத்தில் கொடுங்கள் என்று அச்சடித்து வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் எழுதினார்கள், எழுதியதைக் கோப்பில் வைத்தார்கள். அந்தக் கோப்புகள் இப்போது தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. தயாரிப்புத் தலைவர் ஹால் வாலிஸ் தினமும் ரஷ், அதாவது அன்றன்று எடுத்த காட்சிகளை, பார்த்துவிட்டு கர்ட்டிஸுக்கு எழுதிய புகார்கள் அதில் ஏராளம். 1935இல் 'கேப்டன் பிளட்' ஷூட்டிங்கின்போது அவர் எழுதியவற்றின் சாரம் இதுதான்: மெழுகுவர்த்திக்கும் பாட்டிலுக்கும் பின்னாலிருந்து அழகழகாகப் படம் பிடிப்பதை விட்டுவிட்டு, பேசுகிறவனின் முகத்தைக் காட்டு. கர்ட்டிஸ் கேட்டுக்கொள்வார். மறுநாள் மறுபடியும் மெழுகுவர்த்தி.

இந்தச் சின்னச் சண்டைக்குள்தான் கர்ட்டிஸ் இருக்கிறார். கதை, நடிகர், வசனம் எதுவும் பெரும்பாலும் அவர் தேர்ந்தெடுத்ததில்லை. ஆனால் கேமரா எங்கே நிற்கவேண்டும், எப்போது நகரவேண்டும், ஆட்கள் எந்த வேகத்தில் பேசவேண்டும், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழவேண்டும் என்பது செட்டில் அவர் கையில். அங்கே மட்டும் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை.

'கேப்டன் பிளட்' இன்னொரு விதத்திலும் நல்ல உதாரணம். கதாநாயகனாக நடிக்கவேண்டியவர் இங்கிலாந்தின் ராபர்ட் டோனட். அவர் வராமல் போகவே, பெயரே தெரியாத எரால் ஃபிளின்னைப் போட்டார்கள். ஜோடி, பத்தொன்பது வயதான ஒலிவியா டி ஹாவிலாண்ட். கடற்போர்க் காட்சிகளுக்கு மாதிரிக் கப்பல்களோடு பழைய மௌனப் படங்களிலிருந்து வெட்டிய துண்டுகளையும் ஒட்டினார்கள். படம் பெரிய வெற்றி. ஃபிளின் ஒரே இரவில் நட்சத்திரம். அதன் பிறகு அவரும் கர்ட்டிஸும் ஒருவரை ஒருவர் வெறுத்துக்கொண்டே மொத்தம் பன்னிரண்டு படங்கள் செய்தார்கள். ஓடுகிற ஜோடியைப் பிரிக்கக் கம்பெனிக்கு மனம் வருமா?

அப்புறம் 'தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்'. 1937 இலையுதிர் காலத்தில் இதை எடுக்கத் தொடங்கியவர் வில்லியம் கீலி. வேலை மெதுவாகப் போனது, செலவு ஏறியது, ரஷ்ஷில் விறுவிறுப்பு இல்லை. கம்பெனி கீலியைப் பாதியில் நீக்கிவிட்டு கர்ட்டிஸை அனுப்பியது. இன்று இப்படி நடந்தால் பெரிய செய்தி. அன்று அது அலுவலக மாற்றல் உத்தரவு மாதிரிதான். மொத்தச் செலவு சுமார் 20 லட்சம் டாலர், அதுவரை வார்னர் எடுத்த படங்களிலேயே அதிகம். 1938இல் இரண்டு இயக்குநர் பெயர்களோடு படம் வெளிவந்தது. கோட்டைக்குள் நடக்கும் கடைசி வாள் சண்டையில் ஃபிளின்னும் பேசில் ராத்போனும் ஒரு தூணுக்கு அப்பால் மறைந்துபோக, அவர்களுடைய நிழல்கள் மட்டும் ராட்சச உருவத்தில் சண்டை போடும். அது கர்ட்டிஸின் முத்திரை. அதே ஆண்டு 'ஏஞ்சல்ஸ் வித் டர்ட்டி ஃபேசஸ்' என்ற தாதா படத்துக்கும், 'ஃபோர் டாட்டர்ஸ்' என்ற குடும்பப் படத்துக்கும் என்று ஒரே விழாவில் இரண்டு முறை சிறந்த இயக்குநர் பரிந்துரை அவருக்கு வந்தது. விருது ஃபிராங்க் காப்ராவுக்குப் போனது.

இனி 'காசாபிளாங்கா'. ஸ்டுடியோ முறை என்ற இயந்திரத்தைத் திறந்து உள்ளே பார்க்க இதைவிட வசதியான படம் கிடையாது.

மேடை ஏறாத ஒரு நாடகத்தை வார்னர் 20,000 டாலருக்கு வாங்கியது. தலைப்பை மாற்றியவர் ஹால் வாலிஸ். இயக்க அவர் முதலில் நினைத்தது வில்லியம் வைலரை, அது நடக்காததால் கர்ட்டிஸ். திரைக்கதையில் எப்ஸ்டீன் இரட்டையர்கள், ஹோவர்ட் கோக் ஆகியோர் பெயர் இருக்கிறது, பெயர் வராமல் கேசி ராபின்சனும் எழுதினார். இங்கிரிட் பெர்க்மன் வார்னரின் நடிகையே இல்லை. டேவிட் செல்ஸ்னிக் என்ற தயாரிப்பாளரின் ஒப்பந்தத்தில் இருந்தவர். அவரை வாங்க, பதிலுக்கு ஒலிவியா டி ஹாவிலாண்டைக் கொடுத்தார்கள். இரண்டு பெண்களையும் யாரும் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை. கர்ட்டிஸுக்கு 70,000 டாலருக்கு மேல், போகார்ட்டுக்கு அதில் பாதி அளவு. ஒரு நல்ல ஒப்பந்த இயக்குநரை கம்பெனி எப்படி மதிப்பிட்டது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

1942 மே 25இல் தொடங்கி ஆகஸ்ட் 3இல் ஷூட்டிங் முடிந்தது. மொத்தச் செலவு சுமார் 10 லட்சம் டாலர். கதை நடக்கும் மொராக்கோவுக்கு யாரும் போகவில்லை. ஏறக்குறைய எல்லாமே பர்பேங்க் ஸ்டுடியோவுக்குள்தான். கடைத்தெரு, வேறொரு படத்துக்குப் போட்ட செட். புகழ்பெற்ற கடைசி விமான நிலையக் காட்சியும் உள்ளரங்கில் எடுத்ததுதான். தூரத்தில் நிற்கும் விமானம் சிறிய மாதிரி. அது பெரிதாகத் தெரிய, அதைச் சுற்றிக் குள்ளமான ஆட்களை நிறுத்தினார்கள். குட்டு வெளிப்படாமல் இருக்க மூடுபனி. அந்த மூடுபனியைத்தான் இன்று காதலின் சோகம் என்று ரசிக்கிறோம்.

திரைக்கதை முடியாமலே ஷூட்டிங் நடந்தது. கதாநாயகி கடைசியில் கணவனோடு போவாளா, பழைய காதலன் ரிக்கோடு போவாளா என்பது அங்கே யாருக்கும் உறுதியாகத் தெரியாது. நான் யாரைக் காதலிக்கிறேன் என்று பெர்க்மன் கேட்டபோது, இரண்டுக்கும் நடுவில் வைத்து நடி என்றார் கர்ட்டிஸ். தப்பித்துக்கொள்ளச் சொன்ன பதில்தான். ஆனால் அந்த முகத்தில் படம் முழுக்கத் தெரியும் தடுமாற்றம் அதிலிருந்து வந்தது. படத்தின் புகழ்பெற்ற கடைசி வசனத்தை எழுதியது தயாரிப்பாளர் வாலிஸ். ஷூட்டிங் முடிந்த பிறகு போகார்ட்டைக் கூப்பிட்டுப் பேசவைத்துச் சேர்த்தார்கள். இசையமைப்பாளர் மேக்ஸ் ஸ்டைனருக்குப் பியானோக்காரர் பாடும் பாட்டே பிடிக்கவில்லை, மாற்ற விரும்பினார். அதற்குள் பெர்க்மன் அடுத்த படத்துக்காக முடியை வெட்டிக்கொண்டுவிட்டார், அந்தக் காட்சிகளை மறுபடி எடுக்க வழியில்லை. பாட்டு தப்பித்தது.

அப்படியானால் இதில் கர்ட்டிஸின் பங்கு என்ன? போகார்ட் நடித்த ரிக்கை நாம் முதலில் பார்க்கும் இடத்தைக் கவனியுங்கள். முதலில் வருவது ஒரு கை, ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறது. பிறகு சதுரங்கப் பலகை, சிகரெட். அதன் பிறகுதான் கேமரா மெல்ல ஏறி முகத்துக்கு வருகிறது. மதுக்கடைக்குள் கேமரா மேசை மேசையாக நழுவிப் போவதையும், ஒவ்வொரு மேசையிலும் ஒரு துண்டு வாழ்க்கை காதில் விழுவதையும் பாருங்கள். பெட்டகத்திலிருந்து ரிக் பணம் எடுக்கும்போது சுவரில் விழும் நிழல் மறுபடியும் அந்தப் பழைய மெழுகுவர்த்திக்காரர்தான்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் படத்தில் நடித்தவர்களில் பலர் உண்மையிலேயே ஹிட்லருக்குத் தப்பி வந்தவர்கள். பீட்டர் லோர், எஸ். இசட். சக்கால், மார்செல் டாலியோ, மதலேன் லெபோ என்று வரிசை நீளும். நாஜி அதிகாரியாக நடித்த கான்ராட் வைட்கூட நாஜிகளை வெறுத்து ஜெர்மனியை விட்டு வந்தவர். ஜெர்மானியப் பாட்டை அமுக்கிக்கொண்டு பிரெஞ்சு தேசிய கீதம் எழும் காட்சியில் செட்டில் பலர் நிஜமாகவே அழுதார்கள் என்பார்கள். கர்ட்டிஸும் அகதிகளின் உலகத்திலிருந்து வந்தவர். அந்தப் போரில் அவருடைய சொந்தங்கள் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். கதை அவர் தேர்ந்தெடுத்ததாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் விசாவுக்காகக் காத்திருக்கும் முகங்களை அவருக்கு யாரும் சொல்லித்தரவேண்டியிருக்கவில்லை.

1942 நவம்பரில் நேச நாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்க, அந்த மாதக் கடைசியிலேயே நியூயார்க்கில் படத்தைத் திரையிட்டார்கள். 1943 ஜனவரியில், ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் அதே காசாபிளாங்கா நகரில் பேசிக்கொண்டிருந்த சமயத்தில், பொது வெளியீடு. விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? 1944 மார்ச்சில் சிறந்த படம், இயக்குநர், திரைக்கதை என்று மூன்று ஆஸ்கர். சிறந்த படம் என்று அறிவித்ததும் எழுந்த வாலிஸை முந்திக்கொண்டு முதலாளி ஜாக் வார்னர் மேடையேறி விருதை வாங்கிக்கொண்டார். வாலிஸ் அந்த அவமானத்தை மறக்கவில்லை. அந்த ஆண்டே கம்பெனியை விட்டுப் போனார்.

கொடுத்ததை எடு என்ற முறையின் சங்கடமான பக்கம் 1943இல் வந்த 'மிஷன் டு மாஸ்கோ'. சோவியத் யூனியன் அமெரிக்காவின் கூட்டாளியாக இருந்த நேரத்தில் ஸ்டாலின் ஆட்சியைப் புகழ்ந்து எடுத்த படம். அதையும் கர்ட்டிஸ் இதே சுறுசுறுப்போடு எடுத்துக் கொடுத்தார். போர் முடிந்து காற்று மாறியபோது, 1947இல் ஜாக் வார்னர், கம்யூனிஸ்டுகளைப் பற்றி விசாரித்த நாடாளுமன்றக் குழுவின் முன்னால் உட்கார்ந்து அதற்கு விளக்கம் சொல்லவேண்டியிருந்தது.

எனக்கு அவருடைய படங்களில் மிகவும் பிடித்தது 1945இல் வந்த 'மில்ட்ரட் பியர்ஸ்'. எம்ஜிஎம்மில் 18 ஆண்டுகள் இருந்துவிட்டு வெளியே வந்திருந்த ஜோன் கிராஃபோர்டை இதில் போடுவதற்கு கர்ட்டிஸ் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. ஏற்கனவே நட்சத்திரமாக இருந்த கிராஃபோர்ட் ஒத்திகைக் காட்சி நடித்துக் காட்டி அந்த வேடத்தை வாங்கினார். அதற்கே ஆஸ்கரும் வாங்கினார். உடம்பு சரியில்லை என்று அவர் விழாவுக்கு வராததால் மேடையில் விருதைப் பெற்றுக்கொண்டவர் கர்ட்டிஸ். மகளுக்காகத் தேய்ந்துபோகும் ஒரு தாயின் கதையைக் கொலைப் படம் மாதிரி இருட்டில் தோய்த்து எடுத்திருக்கிறார். இன்று பார்த்தாலும் பழசாகத் தெரியவில்லை.

அதற்குள் அந்த முறையின் அடித்தளம் ஆட ஆரம்பித்திருந்தது. சஸ்பெண்ட் செய்த நாட்களைக் கூட்டி ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டே போவது செல்லாது என்று வார்னர்மீது வழக்குப் போட்டு, 1944இல் வென்றார் ஒலிவியா டி ஹாவிலாண்ட். 'கேப்டன் பிளட்'டில் பத்தொன்பது வயதில் பார்த்த அதே பெண்தான். 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் கொடுத்த தீர்ப்பால் கம்பெனிகள் தியேட்டர்களை விற்க நேர்ந்தது. டிவியும் வந்துவிட்டது. நிரப்பவேண்டிய தியேட்டரே இல்லாதபோது ஆண்டு முழுக்க இத்தனை பேருக்குச் சம்பளம் ஏன்? 1940களின் பிற்பகுதியில் வார்னருக்குள்ளேயே சொந்தத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கிப் பார்த்தார் கர்ட்டிஸ். டோரிஸ் டேயை சினிமாவுக்குக் கொண்டுவந்தது அதன் சாதனை. ஆனால் நிறுவனம் நிலைக்கவில்லை. கடைசியில் கம்பெனி அவருடைய சம்பளத்தையே வெட்டப் பார்த்தது. 1953இல் அவர் வெளியேறினார்.

வெளியே வந்த மறு ஆண்டே பாரமவுண்டுக்காக அவர் எடுத்த 'ஒயிட் கிறிஸ்மஸ்' அமோக வசூல். 1958இல் எல்விஸ் பிரெஸ்லியை வைத்து 'கிங் கிரியோல்'. தயாரிப்பாளர், மறுபடியும் பழைய ஹால் வாலிஸ். 1961இல் ஜான் வெய்ன் நடித்த 'தி கமான்செரோஸ்' எடுக்கும்போது கர்ட்டிஸுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது, பல காட்சிகளை வெய்னே இயக்கினார். 1962 ஏப்ரலில் கர்ட்டிஸ் இறந்தார். இரண்டு கண்டங்களிலும் சேர்த்து 150க்கும் மேற்பட்ட படங்கள்.

அவருடைய பெயர் ஏன் நிற்கவில்லை என்ற கேள்விக்கு இப்போது வரலாம். 1950களில் பிரெஞ்சு விமர்சகர்கள் இயக்குநரே படத்தின் ஆசிரியர் என்று பேசத் தொடங்கினார்கள். ஓர் ஆளின் எல்லாப் படங்களிலும் ஓடும் ஒரே பார்வையைத் தேடிப் பிடிக்கும் முறை அது. ஹிட்ச்காக், ஹோவர்ட் ஹாக்ஸ் எல்லாம் அதில் பெரிய உயரத்துக்குப் போனார்கள். கடற்கொள்ளையர், சிறைச்சாலை, இசைப்படம், அம்மா மகள் என்று எல்லாம் எடுத்த கர்ட்டிஸ் அந்தச் சல்லடையில் தேறவில்லை. அமெரிக்காவில் அந்தக் கோட்பாட்டைப் பரப்பிய ஆண்ட்ரூ சாரிஸ் 1968இல், 'காசாபிளாங்கா' அந்தக் கோட்பாட்டுக்கே ஒரு விதிவிலக்கு என்று எழுதினார். அதாவது ஆசிரியர் இல்லாமல் தற்செயலாக அமைந்த நல்ல படம்.

எனக்கு இது அரைகுறையான கணக்காகவே படுகிறது. தற்செயல் ஒருமுறை நடக்கலாம். 'ராபின் ஹூட்', 'ஏஞ்சல்ஸ் வித் டர்ட்டி ஃபேசஸ்', 'காசாபிளாங்கா', 'மில்ட்ரட் பியர்ஸ்' என்று எட்டு வருடத்துக்குள் நான்கு முறை நடக்குமா? கதைக்குள் ஒரே பார்வையைத் தேடினால் கர்ட்டிஸ் கிடைக்கமாட்டார். கேமராவின் நடையிலும் சுவரில் விழும் நிழலிலும் தேடினால் உடனே அகப்படுவார்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் 'காசாபிளாங்கா'வில் ஆரம்பித்து, அடுத்து 'மில்ட்ரட் பியர்ஸ்' பார்க்கலாம். வண்ணமும் வாள் சண்டையும் வேண்டுமென்றால் 'ராபின் ஹூட்'. முடிந்தால் ஒரு படத்தை இரண்டாம் முறை ஒலியைக் குறைத்து வைத்துப் பாருங்கள். வசனம் போய்விட்டால் மிச்சமிருப்பது பெரும்பாலும் அவர் செய்த வேலைதான்.